உறைந்து நின்ற கை

திரையில் அப்பா இடது கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கவில்லை. நெற்றிக்கு நேராக, விரல்கள் விரிந்தபடி, சுவரில் அடித்து வைத்த பொம்மை மாதிரி அப்படியே நின்றது. வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணிக்குள் கிடந்தது. முகத்தில் ஒரு பாதி தெரிந்தது. மறு பாதி கட்டம் கட்டமாகச் சிதறி, கொட்டிக் கிடக்கும் ஓட்டுச் சில்லு போல இருந்தது.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க. இன்னொரு தடவை" என்று அவள் கையை அசைத்தாள். அசைத்தது அங்கே போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, திரை கறுத்துவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு விடுதியில் மேஸ்திரி என்று பெயர். அப்பா கொத்தனார் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதோடு, குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் யாரையும் எதிர்பார்க்காமல் முதலில் கை வைக்கிறவளும் அவள்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பது கணக்கு.

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய்ப்பேச்சும் வராது. பள்ளிக்கூடம் பக்கம் அவரை யாரும் கூட்டிப்போகவில்லை. கல்யாணமாகி வந்த அம்மாதான் அவரோடு சேர்ந்து கையாலேயே ஒரு பேச்சைக் கட்டினாள். செங்கல் மேல் செங்கல் வைக்கிற மாதிரி, தேவைக்கு ஒவ்வொன்றாக. மகள் பிறந்து அந்தப் பேச்சிலேயே வளர்ந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதை முழுசாகத் தெரிந்த ஆள் உலகத்தில் மகள் ஒருத்திதான். அப்பாவின் தம்பிக்கு மூன்று சைகை தெரியும்: வா, போ, சாப்பிடு. அந்த மூன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது அந்தச் சித்தப்பாதான் ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறார். வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்த பலகை அப்பாவின் வலது கையை நசுக்கிவிட்டது. அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதை அண்ணனுக்கு விளங்க வைக்கிறேன் என்று கிளம்பிய சித்தப்பா, தன் வலது கை மணிக்கட்டில் இடது கையால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவர்களை எல்லாம் காலால் எத்தத் தொடங்கிவிட்டார். சைகை சொல்லித்தருகிற ஒரு ஆசிரியையை அழைத்து வந்தார்கள். அது பள்ளிக்கூடத்துச் சைகை. அப்பாவுக்கு அது யாரோ எங்கேயோ பேசுகிற பேச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் ஊருக்குப் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். டாக்டரம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இருந்தாலும் புண்ணுக்கு இல்லை.

அவள் வார்டன் அறைக்கு ஓடினாள். மழையில் செல்போன் கோபுரம் படுத்துவிட்டது. வார்டன் மேசையில் இருந்த கம்பிப் போன் மட்டும் உயிரோடு இருந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்ன பாப்பா, பேசிக்கிட்டே இருந்த, செலையா நின்னுட்ட?"

"நெட்டு சரியில்ல சித்தப்பா. டாக்டர் என்ன சொல்றாங்க?"

"வேற ஒரு ஆபரேஷனுக்கு உள்ள போயிட்டாங்க. வெளிய வந்ததும் ஆமாவா இல்லையான்னு சொல்லணுமாம். இன்னைக்கு விட்டா அப்புறம் தன்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க. உங்கப்பன் கிட்ட யாரு சொல்றது? என்னைப் பாத்தாலே கால தூக்குறாரு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தயவு செஞ்சு கைய பாக்கெட்டுல போட்டுக்கோங்க. நான் சரி பண்ணிட்டுக் கூப்புடுறேன்."

குரலுக்கு வழி இருந்தது. கைக்குத்தான் வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு, நூலகம், கணினி அறை எல்லாம் பூட்டு. வெளியில் வானமே சல்லடையான மாதிரி மழை ஊற்றியது. இருக்கிறது இந்த விடுதி நெட் ஒன்றுதான். அதுவும் நேற்று சாயங்காலத்திலிருந்து நத்தை.

அறைக்கு வந்தபோது கூடத் தங்கியிருப்பவள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அவளுக்குத் தூக்கம் என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"லேப்டாப்ப அணைச்சுப் போட்டியா?"

"போட்டேன்."

"போனையும்?"

"எல்லாத்தையும் போட்டாச்சு. ஜன்னலோரம் வெச்சாச்சு, கதவோரம் வெச்சாச்சு, வராண்டாவுல இருக்குற வைஃபை பெட்டிக்கு நேரா கீழ போய் உக்காந்தும் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கல."

"அப்ப எல்லாரும் படம் பாக்குறாளுங்க. மழை, ஞாயித்துக்கிழமை. வேற என்ன செய்வாளுங்க?"

அது நியாயமாகப் பட்டது. ஒரு குழாயில் எல்லாரும் வாளியை வைத்தால் கடைசி வாளிக்குச் சொட்டுத்தான். மேஸ்திரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தூக்கமும் போர்வையை உதறிவிட்டுப் பின்னால் வந்தாள். அதுவே அந்த மாடியில் ஒரு செய்தி.

ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். "நெட்டை அணைங்கடி. கொஞ்ச நேரம். எனக்கு ஒரு கால் பேசணும், வீடியோ." சிலர் முகத்தைப் பார்த்தே அணைத்தார்கள். சிலர் காரணம் கேட்டு, கேட்டதும் அணைத்தார்கள். கடைசி அறைக்காரி மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எல்லாரும் அவளைச் சீமாட்டி என்பார்கள்.

"நானே ஒரு மணி நேரமா ஒரே சீனுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஹீரோ கதவத் தொறக்கப் போனான், இன்னும் தொறக்கல. நீ வந்து அணைங்கற. நெட்டு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"சொத்து இல்ல. ஆனா எங்கப்பாவுக்குத்தான் வேணும்" என்றாள் மேஸ்திரி. மீதியைத் தூக்கம் சொன்னாள்.

சீமாட்டி மடிக்கணினியை மூடி, தலையணைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். "போதுமா? கீழ் மாடிக்கு நான் போறேன். எங்கிட்ட எவ மாட்டேன்னு சொல்றான்னு பாக்குறேன்."

போனாள். கீழே அவள் குரல் கேட்டது. பிறகு அந்தக் கட்டடத்திலேயே யாரும் எதையும் பார்க்காத ஒரு அமைதி வந்தது. மழைச் சத்தம் மட்டும்.

மேஸ்திரி திறந்து பார்த்தாள். அதே வட்டம். அதே சுற்று.

அவள் சுவரில் சாய்ந்தாள். ஒரு நொடி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். அழுதால் கண் மங்கும், இப்போது கண் வேண்டும். வாளியை எல்லாம் எடுத்தாச்சு. இன்னும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? குடிக்கிற ஆள் மேல் தப்பில்லை. குழாயில் தப்பு.

மறுபடி வார்டன் அறை. சுவரில் ஒட்டியிருந்த நெட்காரர் எண்ணைச் சுழற்றினாள். எடுத்தவர் தும்மினார்.

"ஏம்மா, எனக்குக் காய்ச்சல். நாளைக்குக் காலைல வர்றேன்."

"நாளைக்கு வேணாங்க. இப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் பாக்குறேன்."

"அதெல்லாம் நீ..." என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்க விடவில்லை. அப்பா, கை, டாக்டர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"சரி. மாடிப்படி திருப்பத்துல சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதத் தொறந்து விளக்கு எப்படி மின்னுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

சாவி வார்டனிடம் இருந்தது. வார்டன் நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். சாவிக் கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அதுல நான்கூட கை வெச்சதில்ல. ஏதாவது ஆச்சுன்னா என் வேலை என்னாகுறது?"

"நான் வெக்கிறேன் மேடம். கேட்டா, நான் சாவியப் புடுங்கிட்டேன்னு சொல்லுங்க."

"புடுங்கினியா?"

"இதோ புடுங்கறேன்." உண்மையிலேயே கொத்தை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்தாள். வார்டன் விட்டுக் கொடுத்தார். "நான் பாக்கல. நான் எதுவும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னாலேயே படியேறினார், பார்க்க.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசை வரிசையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஒயர், ஒவ்வொரு ஒயர் மேலும் ஒரு பச்சை விளக்கு. கட்டடமே ஓய்ந்து கிடக்கிறது. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் இந்த விளக்குகள் மட்டும் எல்லாம் ஒன்றாக, பேய் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அதேதான்" என்றார் நெட்காரர். தும்மலுக்கு நடுவில் குரல் நிமிர்ந்தது. "யாரோ ஒரு ரூம்ல ஒரு ஒயரோட ரெண்டு முனையையும் சுவத்துலயே சொருகி வெச்சிருக்காங்க. போறதெல்லாம் திரும்பி வருது, வந்தது மறுபடி போகுது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கும். மத்தவங்களுக்கு வழியே இருக்காது. எந்த ரூம்னு எனக்கு இங்கேர்ந்து தெரியாது."

"அத நான் கண்டுபுடிக்கிறேன்."

"எப்படி?"

"ஒவ்வொண்ணா புடுங்கிப் பாக்குறேன். எதப் புடுங்கினா அடங்குதோ அதுதான்."

"ஒண்ணப் புடுங்கிப் பாத்துட்டு அத திருப்பிச் சொருகிட்டு அடுத்ததத் தொடு. எல்லாத்தையும் சேத்துப் புடுங்கிறாத, தாயே. நாளைக்கு நான்தான் சாவணும்."

வேலையிடத்தில் அப்பா பழுது பார்க்கிறதும் இப்படித்தான். சுவர் எங்கேயோ கசிந்தால் வீட்டை இடிக்க மாட்டார். ஒரு குழாயை மூடுவார், நிற்பார், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அப்புறம் அடுத்த குழாய். அவசரப்படுகிற ஆள் வீட்டை நனைப்பான் என்று தலையை ஆட்டுவார்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு ஒயர். பார். திருப்பிச் சொருகு. அடுத்தது. விரல் நுனி வியர்த்து வழுக்கியது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பின்னால் படிக்கட்டு முழுக்கப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சீமாட்டிதான் முன் வரிசை.

"எவ வெச்ச வேலையோ இது. கெடைக்கட்டும், நானே தலைகீழா தொங்க விடுறேன்" என்றாள் சீமாட்டி.

"நான் காலப் புடிச்சுக்கிறேன்" என்றாள் தூக்கம்.

மேல் வரிசை முடிந்தது. ஒன்றும் இல்லை. கீழ் வரிசை. பாதி போனது. இன்னொரு ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

விளக்குகள் அடங்கின. வெறி பிடித்து ஆடியவை சட்டென்று மூச்சு வாங்க உட்கார்ந்த மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிதானமாகச் சிமிட்டின. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திருப்பிச் சொருகினாள், பேய் எழுந்தது. பிடுங்கினாள், படுத்தது.

"இதுதான்!" என்று படிக்கட்டு கத்தியது.

"எந்த ரூம்? எந்த ரூம் பாரு!" சீமாட்டி எழுந்தே விட்டாள்.

ஒயரில் அறை எண் ஒட்டியிருந்தது. மேஸ்திரி அதைப் படித்தாள். ஒட்டியதில் அழுக்கு இருக்குமோ என்று கட்டை விரலால் தேய்த்துவிட்டு மறுபடி படித்தாள்.

"எங்க ரூம்" என்றாள்.

தூக்கம் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "நான் இல்லடி. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். சத்தியமா."

"நீ இல்ல. நான்தான்."

அவளுக்கு எல்லாம் ஒரே அடியில் விளங்கிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அறையைப் பெருக்கினாள். சுவரில் இரண்டு ஓட்டைகள், கட்டிலுக்கு ஒன்றாக. தூக்கத்தின் மடிக்கணினி ரிப்பேருக்குப் போனதிலிருந்து அவளுடைய ஒயர் ஒரு முனை சுவரிலும் மறுமுனை தரையிலுமாகக் கிடந்தது. ஒயரை அவிழ்த்துத் தரையில் விட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. சாரத்துக்கு மேலே நிற்கிறவனுக்குத் தொங்குகிற எதுவும் எமன். கயிறானாலும் ஒயரானாலும் முனையைத் தூக்கி எங்கேயாவது சொருகு என்று நடக்கப் பழகின நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த வளர்ப்பு. பக்கத்தில் ஒரு ஓட்டை சும்மா இருந்தது. அழகாகச் சொருகிவிட்டாள். பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

"ஊரையே எழுப்பி, ஒவ்வொரு கதவா தட்டி, என் படத்த நிறுத்தி..." சீமாட்டியால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டைய உன் ரூம்லயே வெச்சிக்கிட்டாடி?"

"தலைகீழா தொங்க விடு. ஆனா அப்புறம். இப்ப வழி விடு."

வெட்கப்படவும் நேரம் வேண்டும். அது இப்போது அவளிடம் இல்லை. படிகளைத் தாவி ஏறினாள். அறைக்குள் போனதும் முதலில் அந்த ஒயரைச் சுவரின் இரண்டு ஓட்டையிலிருந்தும் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிலின் மேல் எறிந்தாள். மடிக்கணினியை மேசையில் வைத்து, பின்னால் புத்தகங்களை அடுக்கி, தன் இரண்டு கையும் திரைக்குள் வருகிற மாதிரி உட்கார்ந்தாள். அழைத்தாள்.

சித்தப்பாவின் மூக்குத் துவாரம் வந்தது. தெளிவாக வந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

"சித்தப்பா, திருப்புங்க! அப்பா பக்கம்!"

"அட, ஓடுதே! டாக்டரம்மா இப்பதான் வந்தாங்க, நல்ல நேரம்." படம் கூரைக்குப் போய், காற்றாடியைக் காட்டி, ஒரு கதவைக் காட்டி, கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றது. அப்பா கட்டில் கம்பியை இன்னும் விடவில்லை. மகளைப் பார்த்ததும் விட்டார். இடது கை எழுந்தது. எழுந்த கை இறங்கியது, திரும்பியது, விரல்கள் மடங்கின, விரிந்தன. ஒரு விரலசைவுகூட வழியில் விழவில்லை.

என் கையை வெட்டப் போகிறார்கள். உன் சித்தப்பனும் கூட்டு. என்னைக் கூட்டிப்போ.

டாக்டரம்மா குனிந்து திரைக்குள் வந்தார். "நீதான் பொண்ணா? சுருக்கமா சொல்றேன் கேட்டுக்கோ. சுண்டு விரல், மோதிர விரல் ரெண்டுக்கும் உயிர் இல்ல. அத எடுக்கணும். இன்னைக்கு எடுத்தா மத்தது நிக்கும். விட்டோம்னா விஷம் மேல ஏறும், அப்புறம் கைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். அவரு முழுக் கையும் போகுதுன்னு நெனைக்கிறாரு. உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்தது. சொல்ல வேண்டும். காலையிலிருந்து இந்த ஒரு வழிக்காக முட்டி மோதினாள். வழி திறந்ததும் அதில் நடந்து போக வேண்டியது இதுதான் என்று இப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. படம் உடைந்தால் கொஞ்சம் மறைக்கலாம். இப்போது உதடு துடிப்பதுகூட அப்பாவுக்குத் தெரியும். கையைவிட முகத்தைத்தான் அவர் முதலில் படிப்பார். அவள் முதுகை நிமிர்த்தினாள்.

முழுக் கை இல்லை அப்பா. சித்தப்பா சொன்னது தப்பு. இந்த இரண்டு விரல்தான். தன் சுண்டு விரலையும் மோதிர விரலையும் பிடித்துக் காட்டினாள்.

அப்பாவின் முகம் இறுகியது. கட்டுப் போட்டால் ஆறும். எத்தனை காயம் பார்த்திருக்கிறேன்.

ஆறாது. அவள் கை முஷ்டியானது. மேசையில் இரண்டு தரம் தட்டினாள். மழையில் நனைந்து மூட்டைக்குள்ளேயே இறுகிப்போன சிமெண்டுக்கு அவர்கள் வீட்டில் அதுதான் சைகை. தட்டினால் கல். தண்ணீர் ஊற்றினாலும் குழையாது. அந்த இரண்டு விரலும் அப்படி ஆகிவிட்டது. பக்கத்து மூட்டைக்கும் ஈரம் ஏறும்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறுகின மூட்டையை யாராலும் மீட்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெகுநேரம் அவர் கை எழவில்லை. இந்த முறை தப்பு நெட்டில் இல்லை.

பிறகு கேட்டார். சாந்து பூசுகிற கரணை பிடிக்க முடியுமா?

அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "கட்டை விரலும் பக்கத்துல ரெண்டும் நிக்கும். பிடிக்கலாம். மொதல்ல வலிக்கும், பழகணும். நான் பொய் சொல்லல."

அதை அப்படியே சொன்னாள். வலிக்கும் என்பதையும் விடவில்லை.

அப்பா இன்னொன்று கேட்டார். இதைக் கேட்கும்போது அவர் கண் திரையைவிட்டு விலகிவிட்டது. பேச்சு? பாதிப் பேச்சு இந்தக் கையில்தானே இருக்கிறது.

திக்கும், என்றாள் அவள். கொஞ்ச நாள் கொன்னும். எனக்குப் புரியும்.

உனக்குப் புரிந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தார். கூலி பேசி முடிந்ததும் அசைக்கிற அதே அசைப்பு. சம்மதத் தாளில் ரேகை வைக்க, இடது கட்டை விரலை மையில் தோய்க்க நீட்டினார். சித்தப்பா மூக்கை உறிஞ்சியதில் படம் குலுங்கியது.

"சித்தப்பா, அழுதுகிட்டே புடிக்காதீங்க, ஆடுது."

"நான் எங்க அழுதேன்? சளி."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வராண்டாவில் போனார்கள். சித்தப்பா கூடவே ஓடினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அப்பாவின் முகத்தைக் கடந்து போயின. கதவுக்கு முன்னால் நின்றதும் அப்பா கையைத் தூக்கி டாக்டரம்மாவைக் காட்டினார். கடைசியாக மளமளவென்று என்னவோ சொன்னார். மேஸ்திரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது.

"என்னம்மா சொல்றாரு?" டாக்டரம்மா கேட்டார்.

"நீங்க காலைலேர்ந்து சாப்பிட்ட மாதிரி தெரியலயாம். பசியோட இருக்குற ஆளு செங்கல் வெட்டினாலே கோணலாத்தான் போகும், மொதல்ல போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரச் சொல்றாரு."

"அதுல 'சாப்பிடு' எனக்கே புரிஞ்சுது" என்றார் சித்தப்பா.